ஒரு ஃபர்ஸ்ட் லுக் போஸ்டருக்குள்ள இவ்வளவு விஷயமா? நம்பர் பிளேட் முதல் சிகரெட் வரை... முழு விளக்கம்!

2021 பிப்ரவரி. சேப்பாக்கத்தில் இந்தியா - இங்கிலாந்து டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருக்கிறது. பவுண்டரி பக்கம் நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியைப் பார்த்து கேலரியில் இருந்து ஒரு சத்தம்: "வலிமை அப்டேட்!"

அவருக்கு அது என்னவென்று புரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் புரிந்தது. அஜித்தின் 'வலிமை' படம் 2019 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஒன்றேகால் வருஷம் தாண்டியும் ஒரு போஸ்டர்கூட வரவில்லை. அரசியல் தலைவர்கள் வந்தாலும் சரி, கிரிக்கெட் வீரர்கள் வந்தாலும் சரி, ரசிகர்கள் அதே கேள்வியைக் கேட்டார்கள். கடைசியில் அஜித்தே அறிக்கை வெளியிட்டு, பொறுமையாக இருங்கள், பொது இடங்களில் கண்ணியமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வருஷம் ஜூலை 11ஆம் தேதிதான் ஃபர்ஸ்ட் லுக் வந்தது. படம் தியேட்டருக்கு வர அதற்குப் பிறகும் 7 மாசம் ஆனது.

ஒரு படத்தின் ஒரே ஒரு ஸ்டில்லுக்காக இத்தனை பேர் ஏன் காத்திருக்கிறார்கள்? அந்தப் போஸ்டரை உருவாக்குகிறவர்கள் அதில் என்னவெல்லாம் வைக்கிறார்கள்? நாம் அதை எப்படிப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஃபர்ஸ்ட் லுக் யாருக்காக?

ரசிகர்களுக்காக என்று நினைத்தால் அது பாதிதான் சரி. ஃபர்ஸ்ட் லுக் வரும்போது பெரும்பாலும் ஷூட்டிங்கே முடிந்திருக்காது. சில சமயம் தொடங்கியே இருக்காது. டிக்கெட் விற்க இன்னும் மாசக்கணக்கில் நேரம் இருக்கும். ஆனால் ஓடிடி, சேட்டிலைட், ஆடியோ, வெளிநாட்டு உரிமை, ஏரியா விநியோகம் என்று தயாரிப்பாளர் பேச வேண்டிய வியாபாரம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடக்கும். வாங்க வருகிறவரிடம் முழுப் படத்தையும் போட்டுக் காட்ட முடியாது. அந்த நேரத்தில் கையில் இருப்பது ஒரு ஹீரோ, ஒரு டைரக்டர், ஒரு டைட்டில், ஒரு போஸ்டர். போஸ்டர் வந்த அன்றைக்கு ஹேஷ்டேக் எவ்வளவு ஓடியது என்பதும் பேரத்தில் ஒரு பேச்சாக வந்து உட்காரும்.

அதனால்தான் தேதிக்கு அவ்வளவு கணக்கு. ஹீரோவின் பிறந்தநாள், அதற்கு முந்தைய நாள் மாலை 6 மணி, இல்லையென்றால் புத்தாண்டு, பொங்கல், தீபாவளி. விஜய்யின் 'சர்கார்' ஃபர்ஸ்ட் லுக் வந்தது 2018 ஜூன் 21, அதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். 'மாஸ்டர்' வந்தது 2019 டிசம்பர் 31. கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிற இடத்தில் கடை விரிப்பது மாதிரி.

ஆனால் மார்க்கெட்டிங் என்பது ஒன்றும் நேற்று வந்த விஷயம் இல்லை. 1948-ல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் 'சந்திரலேகா'வைத் தமிழில் வெளியிட்டு, அதே வருஷம் இந்தியிலும் எடுத்துக்கொண்டு போய் நாடு முழுக்கப் பெரிய அளவில் விளம்பரம் செய்தார். இன்றைக்கு 'பான் இந்தியா' என்று சொல்கிறோமே, அதற்கு முன்னோடி இது. 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' படத்துக்கு வேலை பார்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. இன்றைக்கும் தமிழ்ப் பட போஸ்டரில் பி.ஆர்.ஓ பெயர் இருக்கும், கவனித்துப் பாருங்கள்.

ஒரு போஸ்டரை உட்கார்ந்து படித்தால்...

'காலா'வை எடுத்துக்கொள்வோம். 2017 மே 25-ல் வந்தது. டிசைனர் வின்சி ராஜ். ஜீப் மேல் கறுப்பு உடையில் ரஜினிகாந்த். பின்னால் மும்பைக் குடிசைப் பகுதி, கூடவே ஒரு நாய். ரஜினி படத்துக்கு இதுவே போதும். ஆனால் பா.ரஞ்சித் படம் என்பதால் ரசிகர்கள் ஜூம் பண்ணினார்கள். ஜீப்பின் நம்பர் பிளேட்: எம்.எச். 01 பி.ஆர். 1956.

'பி.ஆர்.' என்றால் பீமாராவ். 1956 என்பது அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவிய ஆண்டு, அவர் மறைந்த ஆண்டும் அதுதான். படத்தின் கதை என்ன என்று யாரும் சொல்லாமலே, இது யாருடைய அரசியலைப் பேசப் போகிறது என்பது அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதே போஸ்டரைப் பார்த்த தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவுக்கோ கண்ணில் பட்டது ஜீப். அது அவர்கள் கம்பெனியின் 'தார்' வண்டி. தங்கள் நிறுவனத்தின் மியூசியத்துக்கு அந்த வண்டி வேண்டும் என்று ட்விட்டரில் கேட்டார். ஷூட்டிங் முடிந்ததும் தருகிறோம் என்றார் தயாரிப்பாளர் தனுஷ். பிறகு அந்த வண்டி சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஒரே போஸ்டர்தான், ஒருவர் அம்பேத்கரைப் பார்த்தார், இன்னொருவர் தன் வண்டியைப் பார்த்தார். நல்ல போஸ்டர் என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிர் ரூட் 'ஜெயிலர்'. 2022 ஜூன் 17-ல் டைட்டில் போஸ்டர் வந்தபோது அதில் ரஜினியின் முகமே கிடையாது. ரத்தம் படிந்த ஒரு அரிவாள் தொங்குகிறது, அவ்வளவுதான். ரஜினி படத்துக்கு ரஜினி இல்லாமல் போஸ்டர் விட ஒரு தைரியம் வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க ஆகஸ்ட் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மாசம் ஒரு அரிவாளை வைத்தே ஓட்டிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

'லியோ'வில் இன்னொரு விதம். 2023 செப்டம்பரில் தெலுங்கு, கன்னடம், தமிழ், இந்தி என்று மொழிக்கு ஒரு போஸ்டராக அடுத்தடுத்த நாட்களில் விட்டார்கள். எல்லாவற்றிலும் 'கீப் காம்' என்று தொடங்கும் வாசகம். ஆனால் முடிவு ஒவ்வொன்றிலும் வேறு. சண்டையைத் தவிர், தப்பிக்கத் திட்டமிடு, போருக்குத் தயாராகு, சாத்தானை எதிர்கொள் என்று அர்த்தம் ஏறிக்கொண்டே போகும். நாலையும் வரிசையாக வைத்தால் கதையின் கோடு கிடைக்கும். மத்த மொழி போஸ்டரையும் தமிழ் ரசிகர் தேடிப் போய்ப் பார்க்கணும் என்பதுதான் அதில் இருந்த தந்திரம்.

இப்படி யோசித்துச் செய்த போஸ்டர்கள் குறைவுதான். மீதி எல்லாம் ஒரே அச்சு. ஹீரோ நடுவில், கையில் ஆயுதம், பின்னால் நெருப்பு, சுற்றிலும் பறக்கிற தூசி, வில்லன் முகம் புகைக்குள். ஹீரோயினைத் தேடினால் ஃபர்ஸ்ட் லுக்கில் பெரும்பாலும் இருக்க மாட்டார். 'செகண்ட் லுக்'கில் ஹீரோ தோளில் சாய்ந்தபடி வருவார். படத்தில் அவருக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்பதற்கு இதுவே ஒரு அப்டேட்தான்!

டைட்டில் எழுத்துக்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கு

போஸ்டரில் நிறைய உழைப்பு வாங்குகிற விஷயம் டைட்டில் எழுத்து. தமிழில் அது இன்னும் சிரமம். ஆங்கில எழுத்துகள் ஒரே உயரத்தில் கட்டம் கட்டியது மாதிரி நிற்கும். தமிழில் கொம்பு, கால், சுழி, புள்ளி என்று மேலும் கீழும் இழுக்கும். அதையே அழகாக மாற்றத் தெரிந்தவர்தான் நல்ல டைட்டில் டிசைனர். ஒரு புள்ளி தோட்டாவாகும், ஒரு கொம்பு அரிவாளாகும். ரெடிமேட் எழுத்துருவை அப்படியே போட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும் என்பதால் பெரிய படங்களுக்கு டைட்டிலைக் கையால் வரைந்தே தொடங்குகிறார்கள்.

டைட்டில் என்ன மொழியில் இருக்க வேண்டும் என்பதையே ஒரு காலத்தில் வரி முடிவு செய்தது. தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்கு கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் தமிழ்நாடு அரசு அறிவித்ததும், கோடம்பாக்கத்தில் போஸ்டர்கள் அவசர அவசரமாக மாறின. 'ஜில்லுனு ஒரு காதல்' என்று விளம்பரம் ஆகியிருந்த சூர்யா - ஜோதிகா படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' படத்தில் இருந்து சம்திங் கழன்றது. ஒரே ஒரு எழுத்து மாறினால் வரி மிச்சம் என்றால் யார் விடுவார்கள்? 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு வரிக் கணக்கே வேறாகிவிட்டது. இப்போது டைட்டிலில் ஆங்கிலம் தாராளமாகத் திரும்பி வந்திருப்பதைப் பார்க்கலாம்.

டைட்டிலுக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்துகளையும் விட்டுவிடக் கூடாது. 'பொங்கல் வெளியீடு' என்று இருந்தால் ஆசை, தேதி போட்டிருந்தால் கொஞ்சம் உறுதி. ஓரத்தில் ஓடிடி, சேனல், ஆடியோ கம்பெனி லோகோக்கள் ஏறியிருந்தால் அந்தந்த வியாபாரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். சென்சார் முடிந்த பிறகு வரும் விளம்பரங்களில் சான்றிதழ் வகையைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. பழைய யு/ஏ இப்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய மூலை அதுதான்.

'சர்கார்' சிகரெட்: போஸ்டரே காணாமல் போன கதை

மேலே சொன்ன 'சர்கார்' ஃபர்ஸ்ட் லுக்கில் விஜய் வாயில் சிகரெட். ஸ்டைலான போஸ்டர், அதில் சந்தேகம் இல்லை. வந்த வேகத்தில் டிரெண்டிங். அதே வேகத்தில் எதிர்ப்பும் வந்தது. பாமகவின் அன்புமணி ராமதாஸ் கண்டித்தார். தமிழ்நாடு சுகாதாரத் துறையில் இருந்து விஜய், இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ், தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் மூவருக்கும் நோட்டீஸ் போனது. ஜூலையில் அந்தப் போஸ்டர் தயாரிப்பு நிறுவனத்தின் சமூக வலைதளப் பக்கத்தில் இருந்து எடுக்கப்பட்டது.

'படத்துலயே சிகரெட் பிடிக்கிறாங்க, போஸ்டர்ல இருந்தா மட்டும் என்ன?' என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமாகத் தோன்றுகிற கேள்விதான். ஆனால் சட்டம் இரண்டையும் வேறாகப் பார்க்கிறது. சிகரெட் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது. அதன் கீழ் பின்னாளில் வந்த விதிகளின்படி, படத்துக்குள் புகைக்கும் காட்சி வந்தால் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். போஸ்டர் போன்ற விளம்பரங்களிலோ புகைப்பதைக் காட்டவே கூடாது.

இதில் லாஜிக் இருக்கிறது. படத்தை டிக்கெட் வாங்கியவர் மட்டும் பார்க்கிறார். போஸ்டரைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பையனும் பார்க்கிறான், அதுவும் தினமும். பார்க்க வேண்டாம் என்று அவன் முடிவு செய்ய முடியாது. விஜய் கையில் இருக்கிற எதுவும் அவனுக்குச் சும்மா ஒரு பொருளாகத் தெரியாது.

அதே படம் தீபாவளிக்கு ரிலீஸ் ஆனபோது, இலவசத் திட்டங்களைக் கிண்டல் செய்யும் காட்சிகளுக்காக அதிமுகவினர் தியேட்டர் வாசலில் பேனர்களைக் கிழித்தார்கள். ஒரே படத்தின் போஸ்டரும் பேனரும் இரண்டு தடவை பஞ்சாயத்துக்கு வந்தது.

கையால் வரைந்த காலம்

இன்றைக்கு ஒரு போஸ்டர் போனுக்கு வந்துசேர ஒரு விநாடி. முன்பு அப்படி இல்லை. சுவரொட்டிகள் சிவகாசி போன்ற ஊர்களில் அச்சாகி, கட்டுக்கட்டாக ஊர் ஊருக்குப் போகும். ராத்திரி சைக்கிளில் பசை வாளியும் ஏணியுமாகக் கிளம்புவார்கள். மைதா மாவைக் காய்ச்சிய பசை. அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பதும் உண்டு. இல்லையென்றால் காலையில் மாடு வந்து ஹீரோவைத் தின்றுவிட்டுப் போய்விடும். பெரிய போஸ்டர் என்றால் பல தாள். முகம் ஒரு தாளிலும் உடம்பு இன்னொரு தாளிலும் இருக்கும். வரிசை மாறாமல் இருட்டில் ஒட்டுவது ஒரு தனித் திறமை.

அதைவிடப் பெரிய திறமை பேனர் ஓவியர்களுடையது. சின்ன ஸ்டில் மேல் கட்டம் போடுவார்கள். அதே கட்டத்தை மாடி உயரத்துக்கு இருக்கிற துணியில் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக வரைவார்கள். கிட்ட நின்று வரைகிறவருக்கு ஹீரோவின் மூக்கு மட்டும்தான் தெரியும். முழு முகம் சரியா என்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றால்தான் தெரியும். பச்சையும் ரோஸும் கலந்த கன்னங்கள், நீலத்தில் நிழல். தூரத்தில் போகிற பஸ்ஸில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நிறங்கள். சென்னையில் மோகன் ஆர்ட்ஸ் இதற்குப் பேர் போனது. 1957-ல் சிவாஜியின் 'வணங்காமுடி'க்கு அவர்கள் வைத்த கட்-அவுட்டைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். கோவையில் பேனர் வரைந்த குடும்பத்தில் இருந்து வந்த ஓவியர் ஜீவா எழுதிய 'திரைச்சீலை' நூலுக்கு தேசியத் திரைப்பட விருதுகளில் அங்கீகாரம் கிடைத்தது. மும்பையில் எம்.எஃப்.ஹுசைன் சினிமா பேனர் வரைந்துதான் வாழ்க்கையைத் தொடங்கினார்.

ஃப்ளெக்ஸ் வந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலையை மெஷின் மணிக்கணக்கில் முடித்தது. ஓவியர்கள் கையில் இருந்த தூரிகைக்கு வேலை இல்லை. சிலர் கடை போர்டு எழுதப் போனார்கள், சிலர் வேறு தொழிலுக்கே போய்விட்டார்கள். 2009-ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டத் தடை போட்டு, அந்தச் சுவர்களில் தமிழ்நாட்டின் கோயில், கலை, நாட்டுப்புறக் காட்சிகளை வரையச் சொன்னது. வரைய வந்தவர்களில் பழைய பேனர் ஓவியர்களும் இருந்தார்கள். சினிமா போஸ்டர் ஒட்டாமல் இருக்க, சினிமா பேனர் வரைந்தவர்களே சுவருக்குக் காவல்!

கட்-அவுட் விழுந்தால்?

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன 23 வயது பெண் இன்ஜினியர் நிலைதடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி உயிரிழந்தார். அது சினிமா பேனர் இல்லை; அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாண பேனர். ஆனாலும் சினிமாவால் ஒதுங்கி நிற்க முடியவில்லை. சூர்யா தன் 'காப்பான்' படத்துக்கு பேனர் வைக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். 'பிகில்' இசை வெளியீட்டு மேடையில் விஜய் அந்த மரணத்தைப் பற்றிப் பேசினார்.

அதோடு நின்றுவிட்டதா என்றால் இல்லை. 2023 ஜூலையில் ஆந்திராவின் நரசராவ்பேட்டையில் சூர்யா பிறந்தநாளுக்கு ஃப்ளெக்ஸ் கட்டும்போது மின்சாரம் பாய்ந்து இரண்டு கல்லூரி மாணவர்கள் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் 'குட் பேட் அக்லி' ரிலீசுக்காக நெல்லையில் ஒரு தியேட்டர் வாசலில் எழுப்பிய பிரமாண்டமான அஜித் கட்-அவுட் சரிந்தது. நல்லவேளை, கீழே யாரும் மாட்டவில்லை. அந்த வீடியோவை ஒரு காமெடி மாதிரி பகிர்ந்தவர்கள் அதிகம்.

ரசிகர்கள் சொந்தக் காசில் வைக்கிற இந்த பேனர்கள் எல்லாம் படத்துக்கு இலவச மார்க்கெட்டிங். தயாரிப்புச் செலவுக் கணக்கில் இது வராது. ஏதாவது நடந்தால் பொறுப்பும் யார் கணக்கிலும் வராது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது.

போஸ்டரை யார் செய்கிறார்கள்? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஃபர்ஸ்ட் லுக்குக்குத் தனி போட்டோஷூட் நடக்கும். படத்தில் அந்தக் காட்சியே இருக்காது. டிசைனருக்குக் கதையின் ஒரு வரி, ஹீரோவின் கெட்டப், டைரக்டர் சொல்கிற மூட் கிடைக்கும். அதில் இருந்து பல டிசைன்கள் போவார்கள். டைரக்டருக்குப் பிடித்தது தயாரிப்பாளருக்குப் பிடிக்காது. இருவருக்கும் பிடித்தது ஹீரோ தரப்பில் நிற்கும். டைட்டில் இன்னும் பெரிசா, முகம் இன்னும் கிட்ட, பின்னணி இன்னும் டார்க்கா என்று கடைசி ராத்திரி வரை மாறும். மாலை 6 மணிக்கு நாம் பார்ப்பது இத்தனை பேர் ஒப்புக்கொண்ட ஒன்று. சில போஸ்டர்கள் ஏன் யாருக்கும் தனியாகப் பிடிக்காத மாதிரி இருக்கின்றன என்பதற்கும் இதுதான் காரணம்.

அந்த டிசைனரின் பெயர் ஓரத்தில் பொடியாக இருக்கும். 'மாஸ்டர்', 'லியோ' போஸ்டர்களைச் செய்த கோபி பிரசன்னா போன்ற சிலரை ரசிகர்களுக்கு இப்போது பெயர் சொன்னால் தெரிகிறது, டேக் பண்ணி அப்டேட் கேட்கவும் செய்கிறார்கள். தேசியத் திரைப்பட விருதுகளில் உடை, ஒப்பனை, கலை இயக்கம் எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு. போஸ்டர் டிசைனுக்கு இல்லை.

ரசிகர்கள் செய்கிற 'ஃபேன் மேட்' போஸ்டர்கள் இன்னொரு உலகம். அதிலும் சில, அதிகாரபூர்வ போஸ்டரையே தூக்கிச் சாப்பிடும் தரம். இப்போது ஏஐ வந்ததால் ஐந்து நிமிஷத்தில் யார் வேண்டுமானாலும் ஒரு ஃபர்ஸ்ட் லுக் செய்துவிடலாம். அது வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றி, ரிலீஸ் தேதி செய்தியாகவே மாறிவிடுகிறது. ஃபார்வர்ட் பண்ணும் முன் சில விஷயங்களைப் பார்த்தால் போதும். தயாரிப்பு நிறுவனத்தின் வெரிஃபைடு பக்கத்தில் அதே போஸ்டர் இருக்கிறதா? தயாரிப்பு நிறுவன லோகோவும் டெக்னீஷியன்கள் பெயர் வரிசையும் இருக்கின்றனவா, அந்தப் பெயர்கள் உண்மையிலேயே அந்தப் படத்தில் வேலை செய்கிறவர்களுடையதா? டைட்டில் எழுத்து முந்தைய அறிவிப்பில் வந்ததோடு ஒத்துப்போகிறதா? ஏஐ படங்களில் கை விரல்களும் பின்னணியில் இருக்கிற கடை போர்டுகளும்தான் அடிக்கடி காட்டிக்கொடுக்கும். அந்த போர்டில் எழுதியிருப்பதை வாசித்துப் பாருங்கள், அது தமிழ் மாதிரி இருக்கும், ஆனால் தமிழாக இருக்காது.